கொள்ளுத்தாத்தா பீப்பாயில் விட்டுப்போன கோன்யாக் இன்றைக்கும் இருக்குமா?

சிங்கப்பூர் விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் ஒரு கோன்யாக் (பிரான்சின் திராட்சைப் பிராந்தி) குப்பியைக் காட்டி, "இது ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் நிறுவனம், கொள்ளுத்தாத்தா காலத்துச் சாராயமும் இதில் சேர்ந்திருக்கிறது" என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, அத்தனை வருடம் கெடாமல் இருக்குமா, கேட்ட விலைக்குத் தகுமா என்பது உங்கள் கேள்வி. மூன்றாகக் கேட்டாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஒரு குடும்பம் பிள்ளைகளுக்குச் சாராயத்தைச் சொத்தாக விட்டுப்போவது நிஜமாக நடக்கிற காரியமா, விற்பதற்காகச் சொல்லும் கதையா? நிஜமாக நடக்கிறது. ஆனால் அப்படி விட்டுப்போனதில் எத்தனை சொட்டு உங்கள் குப்பிக்குள் வந்தது என்று கேட்டால் பதில் மங்கலாகிவிடும்.

நான் பாண்டிச்சேரிக்காரன். பிரான்சில் வேதியியல் படித்துவிட்டு, கோன்யாக் ஊரிருக்கும் ஷராந்த் பகுதியிலேயே சாராயப் பகுப்பாய்வில் வேலை பார்க்கிறேன். பீப்பாய்க்குள் நடப்பதைப் பற்றித் துணிந்து சொல்வேன். வாரிசுச் சட்டம், வரி பற்றிச் சொல்வது பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய அளவுக்குத்தான். யாராவது திராட்சைத் தோட்டம் வாங்கப் போவதாக இருந்தால் நோத்தேரை, அதாவது பத்திரம் எழுதும் சட்ட அலுவலரைப் பாருங்கள்.

முதலில் அடிப்படை. கோன்யாக் என்ற பெயரை ஷராந்த், கடலோர ஷராந்த் மாவட்டங்களிலும் பக்கத்து மாவட்டங்களின் சில ஓரங்களிலும் விளைந்த திராட்சைக்கு மட்டுமே வைக்கலாம். எல்லை 1909-இல் வரையறுக்கப்பட்டது. பயிரில் ஏறக்குறைய எல்லாமே உனி பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. அதிலிருந்து வரும் ஒயின் புளிப்பானது, சாராயச் சத்து குறைந்தது. உணவோடு ஆசையாகக் குடிக்கிற ஒயின் இல்லை. அதைச் செப்பு வாலையில் இரண்டு முறை வடிப்பார்கள். முதல் வடிப்பில் 30 பாகை (நூற்றுக்கு 30 பங்கு சாராயச் சத்து) அளவுக்கு வருவதை மறுபடி ஊற்றி, தொடக்கத்தில் வருவதையும் கடைசியில் வருவதையும் தள்ளிவிட்டு, 70 பாகை சுமாருக்கு வரும் நடுப்பகுதியை மட்டும் எடுத்து ஓக் மரப் பீப்பாயில் வைப்பார்கள். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் வடித்து முடித்தாக வேண்டும். வயதுக் கணக்கு ஏப்ரல் 1-இல் தொடங்கும். நம்ம ஊர்க் கடையில் பிராந்தி என்று விற்பதில் பெரும்பாலானது கரும்பாலை மொலாசஸில் வடித்த சாராயத்தை வைத்துச் செய்வது. ஆகவே அந்த நாக்கோடு இதை ஒப்பிட வேண்டாம்.

கெடுமா என்றால், கெடாது, ஆவியாகும். ஷராந்தில் வருடத்துக்கு 2 விழுக்காடு சுமார் பீப்பாய் மரத்தின் வழியே காற்றோடு போகிறது. இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஊரெல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 2 கோடிக் குப்பிக்கு மேல் போகிறதாம். அந்த ஆவியை உண்டு வளரும் ஒரு கரும்பூஞ்சை நிலவறைச் சுவர்களிலும் கூரை ஓடுகளிலும் படிந்திருக்கும். யார் வீட்டில் சரக்கு இருக்கிறது என்பதை அந்தக் காலத்தில் வரி அதிகாரி சுவரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று இங்கே சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 350 லிட்டர் பீப்பாயை வருடம் 2 விழுக்காடு இழக்கவிட்டால் 50 வருடத்தில் மிஞ்சுவது 127 லிட்டர். சாராயச் சத்தும் 70-இலிருந்து 40-களுக்கு இறங்கியிருக்கும். கோன்யாக் என்று விற்க 40 பாகையாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போய்விட்டால் தனியாகக் குப்பியில் அடைத்து அந்தப் பெயரில் விற்க முடியாது. எனவே கொள்ளுத்தாத்தாவின் பீப்பாயை அப்படியே நூறு வருடம் விட்டுவைத்த வீடு என்று ஒன்று இருந்தால், அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஈரமான மரப்பலகைதான்.

அதனால்தான் ஒரு கட்டத்தில், பொதுவாக 50, 60 வருடத்துக்குள், பீப்பாயிலிருந்து எடுத்துப் பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்தக் குடுவைகள் இருக்கும் மூலையைப் பராதி (Paradis), அதாவது சொர்க்கம், என்று அழைப்பார்கள். கண்ணாடிக்குள் போனதும் கடிகாரம் நின்றுவிடும். மரமில்லை, காற்றில்லை, ஆகவே மாற்றமும் இல்லை. 1914-இல் வடித்து 1965-இல் குடுவைக்கு மாற்றியது இன்றைக்கும் 51 வயதுச் சாராயம்தான், 110 வயது இல்லை. விற்பனையாளர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்த சிலர் சொல்ல மாட்டார்கள். இதே காரணத்தால், உங்கள் மாமா பீரோவில் முப்பது வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குப்பிக்கும் ஒரு நாள் வயதுகூடக் கூடவில்லை.

சரி, அம்பது வருடம் பீப்பாயில் கிடந்து என்ன லாபம்? இங்கேதான் எனக்குப் பிடித்த வேதியியல் இருக்கிறது. திராட்சையிலிருந்தும் ஈஸ்ட் வண்டலிலிருந்தும் வந்த கொழுப்பு அமிலங்கள், மரத்தின் வழியே கசியும் காற்றில் மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து மெத்தில் கீட்டோன்கள் என்ற மணப்பொருள்களாக மாறுகின்றன. அதுதான் ரான்சியோ என்ற மணம்: அக்ரூட், காளான், மழை நின்ற பிறகு காட்டு மண், பழைய பாலாடைக்கட்டி. 10 வருடம் வாக்கில் லேசாகத் தலைகாட்டும், 20, 30-இல் பிடிபடும். அவசரப்படுத்தினால் இது வராது. மரத்தூளைப் போட்டு நிறமும் துவர்ப்பும் கொண்டுவரலாம், ரான்சியோ கொண்டுவர முடியாது. நிலவறையின் ஈரமும் முக்கியம். ஆற்றோரத்து ஈர நிலவறையில் சாராயம் கூடுதலாகவும் தண்ணீர் குறைவாகவும் ஆவியாகும், அதனால் கோன்யாக் மென்மையாகும். உலர்ந்த மாடி அறையில் நேர்மாறு, கட்டுமஸ்தாக நிற்கும். தாத்தா பீப்பாயை எங்கே உருட்டி வைத்தாரோ அந்த இடமும் சேர்ந்துதான் பேரனுக்கு வருகிறது. ஆனால் மரத்தில் நெடுநாள் கிடந்தால் நல்லது என்று நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. ஒரு வயதுக்கு மேல் துவர்ப்பும் கசப்பும் பழத்தை விழுங்கிவிடும். மூன்றாம் தலைமுறைச் சரக்கு என்று பெருமையோடு கொண்டுவந்து, நுகர்ந்தால் பழைய அலமாரி வாசனை மட்டும் அடித்த மாதிரிகளும் உண்டு.

இப்போது குடும்பத்துக்கு வருவோம். இந்தப் பகுதியில் 4,000 சுமார் திராட்சை விவசாயிகள். விற்பனையில் மிகப்பெரும்பங்கு நான்கு பெரிய நிறுவனங்களுடையது: ஹென்னெசி, மார்ட்டெல், ரெமி மார்ட்டின், குர்வாசியே. பெயரெல்லாம் குடும்பப் பெயர்கள்தான். ஆனால் ஹென்னெசி எல்விஎம்எச் குழுமத்திடம், அந்தக் குழுமத்தின் மதுப் பிரிவில் 34 விழுக்காடு டியாஜியோ என்ற நிறுவனத்துக்கு. மார்ட்டெல் பெர்னோ ரிக்காரிடம். குர்வாசியே 2024-இல் இத்தாலியின் காம்பாரிக்குக் கைமாறியது. நிஜமாகக் குடும்பத்தின் கையிலேயே இருக்கிற நிறுவனங்கள் (இங்கே அவற்றை வீடு என்பார்கள்) அளவில் சிறியவை, செகோன்சாக், ஜார்னாக் மாதிரி ஊர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கின்றன. விவசாயக் குடும்பங்களுக்குப் பீப்பாய் என்பது நம் வீடுகளில் நகை இருப்பது மாதிரி. நல்ல விளைச்சல் வருடத்தில் இரண்டு பீப்பாய் கூடுதலாக ஒதுக்கிவைத்து, டிராக்டர் வாங்கவோ மகள் கல்யாணத்துக்கோ ஒன்றை விற்பார்கள். யாருக்கு விற்பார்கள் என்பதில்தான் உங்கள் கேள்வியின் ஒரு முடிச்சு இருக்கிறது. ஜார்னாக்கின் தெலமான் நிறுவனம் நெடுங்காலம் சொந்தத் திராட்சையை நம்பாமல், கிராந்த் ஷாம்பாஞ் (கோன்யாக் பகுதிக்குள்ளேயே ஒரு வட்டாரம்) விவசாயிகளிடம் முதிர்ந்த சாராயத்தை வாங்கியே பெயர் எடுத்தது. தெஸ்ரோன் குடும்பம் 1905-இலிருந்து பழைய சரக்கைச் சேர்த்துப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. சொந்தப் பெயரில் குப்பி போட்டது இந்த நூற்றாண்டில்தான். ஆகவே "எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துச் சாராயம்" என்பதில், வேறொருவருடைய கொள்ளுத்தாத்தா வடித்ததும் நிறைய இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழில் அப்படி. குப்பிக் கதையில் மட்டும் அது வராது.

பீப்பாய் ஏன் சொந்த வீட்டிலேயே தங்குவதில்லை என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். பிரான்சில் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு மூத்தவனுக்கு மட்டும் சொத்தை எழுத முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று, பிள்ளைகளுக்கென்று கட்டாயமாக ஒதுக்கப்பட்டது. அதன் மேல் நேரடி வாரிசுக்கே உச்சபட்சம் 45 விழுக்காடு வரி. இருபது, முப்பது வருடம் காசாக மாறாமல் கிடக்கும் சரக்கை வைத்திருக்கும் வீட்டில் அப்பா இறந்துபோனால், வரி கட்டக் கையில் காசு இருக்காது, நிலவறையில் கோன்யாக் இருக்கும். 2003-இல் வந்த துத்ரேய் ஏற்பாட்டின்படி, வாரிசுகள் பங்குகளைச் சில வருடம் விற்காமல் வைத்திருந்து தொழிலையும் நடத்தினால், மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு வரிக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. அது இல்லாவிட்டால் இன்றைக்கு இருக்கும் குடும்ப வீடுகளில் பல இருந்திருக்காது என்பது என் கருத்து. தொழிலில் இல்லாத தங்கை பாரிஸில் இருப்பாள், அவளுக்கு அவள் பங்கு காசாக வேண்டும். அப்போது தரகர் வருவார். ஒரு சிறு குடும்பத்தின் அரிய 1930-களின் சரக்கு சந்தைக்கு வருவது பெரும்பாலும் இப்படியான சாவுக்கோ பாகப்பிரிவினைக்கோ பிறகுதான்.

இந்த இழுபறிக்கு ஊரறிந்த உதாரணம் ழான் மொனே. ஐரோப்பிய ஒன்றியத்தின் தந்தையரில் ஒருவராகச் சொல்கிறார்களே, அதே மொனே. 1888-இல் கோன்யாக் ஊரில் பிறந்தவர், அப்பாவுக்குக் கோன்யாக் வியாபாரம். பதினாறு வயதில் ஆங்கிலம் கற்க லண்டன், பிறகு கனடாவில் குப்பி விற்கச் சுற்றினார். முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்னோடி) துணைப் பொதுச் செயலாளராக இருந்தவர், 1923-இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். காரணம், குடும்ப நிறுவனம் திணறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பழைய சரக்கைப் பிரிய மனமில்லை, சந்தையோ இளமையான, விலை குறைந்த கோன்யாக்கைக் கேட்டது. மகன் பழைய சரக்கில் ஒரு பகுதியைக் கைமாற்றிவிட்டு நிறுவனத்தை நிமிர்த்தினார். அப்பா பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் நிறுவனம் மூடிவிட்டால் நிலவறையை யாருக்கு விட்டுப்போவது? பரம்பரைச் சரக்கு என்பது தொடாமல் கும்பிட்டு வைத்திருக்கும் பொருள் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து எடுத்துச் செலவழித்து, தொடர்ந்து புதிதாக வைத்து நிரப்புகிற வீடுதான் நிலைத்திருக்கிறது. இன்றைக்கு இருப்பவர் தாத்தா வைத்ததை விற்கிறார், பேரனுக்கு வைக்கிறார். தான் வடித்ததன் முழு முதிர்ச்சியை அவர் பார்க்கவே மாட்டார்.

உங்களை விமான நிலையத்தில் மடக்கியதற்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. கமூ என்ற வீடு 1863-இல் தொடங்கியது, ஒரு காலத்தில் ரஷ்யாவின் ஜார் அரண்மனைதான் பெரிய வாடிக்கையாளர். 1960-களில் அமெரிக்கர்களான சக் ஃபீனியும் ராபர்ட் மில்லரும் ஹாங்காங்கிலும் ஹொனலூலுவிலும் வரியில்லாக் கடைகளைத் தொடங்கியபோது, அவ்வளவாகப் பெயர் பெறாத கமூவைக் கையில் எடுத்து, ஜப்பானியப் பயணிகளிடம் கொண்டுசேர்த்தார்கள். அப்போது வீட்டுப் பொறுப்பில் இருந்தவர் மிஷெல் கமூ. ஆசிய விமான நிலையங்களில் கோன்யாக் என்றால் கனமான குப்பி, பரம்பரைக் கதை, பரிசுப்பெட்டி என்று ஆனதில் அந்தக் கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வியாபாரம் ஆட்டம் கண்டால் ஷராந்த் கிராமம் வரை அதிரும். 2025 ஜூலையில் சீனா ஐரோப்பியப் பிராந்திக்கு 34.9 விழுக்காடு வரை கூடுதல் தீர்வை விதித்தபோது, கொள்முதல் குறையுமே என்ற பயம் முதலில் விவசாயி வீட்டுக்குத்தான் வந்தது.

சரக்கைத் தவிர இன்னொன்றும் பரம்பரையாக வருகிறது, அது மூக்கு. ஹென்னெசி என்பது நிறுவிய குடும்பத்தின் பெயர், ஆனால் கலவை செய்யும் பொறுப்பு ஃபில்யூ என்ற வேறொரு குடும்பத்திடம் எட்டாவது தலைமுறையாக இருக்கிறது. 2017-இல் யான் ஃபில்யூ ஓய்வுபெற்றபோது அவருடைய உடன்பிறந்தவர் வழிப் பிள்ளையான ரெனோ பொறுப்பேற்றார். அங்கே தினமும் காலை 11 மணிக்கு ருசிபார்க்கும் குழு கூடும், புதிதாகச் சேர்பவர் முதல் பத்து வருடம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பது ஊரறிந்த சங்கதி. எந்தப் பீப்பாயை நாலு வருடத்தில் எடுத்துவிடலாம், எதை நாப்பது வருடத்துக்கு விடலாம் என்று இளம் சாராயத்தை முகர்ந்தே முடிவு செய்வதை நான் ஆய்வுக்கூடக் கருவிகளால் செய்ய முடியாது. என் கருவி அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும், என்னவாகும் என்று சொல்லாது.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துவிடலாம். வயதில் சட்டம் கட்டுப்படுத்துவது கலவையில் உள்ள மிக இளையதை. குப்பியில் போடும் குறிகளும் அவற்றுக்கான குறைந்தபட்ச வயதும்: வி.எஸ். 2 வருடம், வி.எஸ்.ஓ.பி. 4, நெப்போலியன் 6, எக்ஸ்.ஓ. 2018 ஏப்ரலிலிருந்து 10, எக்ஸ்.எக்ஸ்.ஓ. 14. இவ்வளவும் நம்பலாம், கோன்யாக் தொழில் வாரியம் கணக்கு வைத்துச் சரிபார்க்கிறது. அதற்கு மேல் வயதைச் சொல்லும் படிநிலை எதுவும் இல்லை. 20 வருடம், 80 வருடம் என்று கலவையைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த வீட்டின் பேரேட்டையும் நாணயத்தையும் பொறுத்தது. "நூறு வயதுச் சாராயம் கலந்தது" என்றால் எத்தனை பங்கு கலந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கரண்டி ஊற்றினாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. ஒரே வருடத்து அறுவடை என்று ஆண்டு போட்டு விற்பது இதைவிட உறுதியானது. 1960-களின் தொடக்கத்திலிருந்து 1980-களின் இறுதி வரை அது தடை செய்யப்பட்டிருந்தது. திரும்ப அனுமதித்தபோது, முத்திரையிட்ட நிலவறைக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி வீட்டிடம், ஒன்று வாரியத்திடம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

கார்பன் 14 சோதனை உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு உதவும். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிர்க்கார்பன் எகிறியது. திராட்சை அந்தந்த வருடக் காற்றைத்தான் உண்கிறது, அதனால் அதற்குப் பிந்தைய ஒற்றை அறுவடையைச் சில வருட வித்தியாசத்துக்குள் குறிக்கலாம். "1893" என்று சொல்லி 1970-இன் சரக்கை விற்றால் மாட்டிக்கொள்வார்கள். 1893-ஆ 1925-ஆ என்று கேட்டால் அந்தச் சோதனைக்கு நம்பகமான பதில் இல்லை. கலவையில் எல்லாம் சராசரியாகக் கரைந்துவிடுவதால் அங்கே அது பெரிதாகப் பயன்படாது.

நிறத்தை ஒருபோதும் சாட்சியாக எடுக்காதீர்கள். கேரமல், கொஞ்சம் சர்க்கரை, ஓக் மரத்தை வேகவைத்த சாறு மூன்றுக்கும் வரம்போடு அனுமதி உண்டு. குப்பியில் போட்டிருக்கும் ஸ்தாபித ஆண்டையும் நிதானமாகப் படியுங்கள். செகோன்சாக்கின் ஃபிராப்பான் குடும்பம் 1270 என்று போடும். அது அந்தக் குடும்பம் இந்த மண்ணுக்கு வந்த வருடம். இங்கே சாராயம் வடித்துப் பெரிய அளவில் விற்கத் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டில்தான். அதோடு 1870-களில் ஃபைலோக்சரா பூச்சி வந்து 2.8 லட்சம் ஹெக்டேர் சுமாராக இருந்த தோட்டத்தை இருபதே வருடத்தில் 40,000-க்குக் கொண்டுவந்தது. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். அதற்கு முந்தைய சரக்கு என்று ஏலத்தில் வருபவை மிக அரிது, விலை மிக அதிகம், ஆகவே போலி செய்பவனுக்கும் ஆசை அதிகம்.

விலை பற்றி. உங்கள் குப்பியில் படிகக் கண்ணாடியும் பெட்டியும் விமான நிலைய வாடகையும் விளம்பரமும் சேர்ந்திருக்கின்றன. அதே பணத்துக்கு, கிராந்த் ஷாம்பாஞ் பகுதிக் குடும்பம் ஒன்று தன் திராட்சையில் தானே வடித்து, எந்த வருடம் வடித்தது, எந்த வருடம் பீப்பாயிலிருந்து எடுத்தது என்று இரண்டையும் குப்பியில் எழுதி விற்கும் கோன்யாக் கிடைக்கும். நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். பரிசாகக் கொடுக்க என்றால் கதை வேறு, அங்கே கனமான குப்பிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை விற்பனையாளரிடம் பழமையைக் கேட்காதீர்கள், இதைக் கேளுங்கள்: இதில் இளையதற்கு என்ன வயது? நீங்களே வடித்ததா, வாங்கிக் கலந்ததா? பீப்பாயிலிருந்து எப்போது எடுத்தீர்கள்? ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் குப்பியை நிமிர்த்தி வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் 40 பாகைச் சாராயம் தக்கையை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சில மாதங்களில் மணம் போய்விடும், அதனால் தீபாவளி, பொங்கல் என்று தள்ளிப்போடாமல் குடித்து முடித்துவிடுங்கள்.